பென்சிலைத் தூக்கி எறிகிற பையனை எல்.கே.ஜி.க்கு எப்படித் தயார் செய்வது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 3 வயது 2 மாதம். வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். நீங்களும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறீர்கள், பகலில் பையன் உங்கள் அத்தையின் பொறுப்பில் இருக்கிறான். எதிர்வீட்டுப் பெண் குழந்தை ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் எழுதிக் காட்டுகிறாள். இவனோ பென்சிலைக் கொடுத்தாலே தூக்கி எறிகிறான். பள்ளியில் நேர்காணல் உண்டு என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். வண்ணம், களிமண், கைவேலைச் சாமான்கள் எல்லாம் அடங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்று 6,000 ரூபாய்க்கு விற்கிறதாம்; அதை வாங்கலாமா, வீட்டில் என்னென்ன விளையாட வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இப்படியே விளையாட விட்டால் பின்தங்கிப் போவானோ?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தை அரிக்கிற கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். விளையாடுவதால் பின்தங்க மாட்டான். பெட்டி வேண்டாம். இப்போதைக்கு எழுத வைக்கவும் வேண்டாம். ஆனாலும் ஜூனுக்குள் செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. அதில் பெரும்பகுதி உங்கள் அத்தையின் அடுக்களையிலேயே நடக்கும்.

நான் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு 21 ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தேன். அதன் பிறகு அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறேன். மருத்துவர் அல்ல. உங்கள் பையனை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே ஆய்வுகளால் உறுதிப்பட்டது எது, என் கண்ணால் கண்டது எது, அறிஞர்களிடையே இன்னும் வாதம் ஓயாதது எது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பென்சில். குழந்தையின் கை வரையப் பழகும் வடிவங்களுக்கு ஒரு வரிசை உண்டு. இரண்டு வயதை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுக்கும். மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். நான்கை ஒட்டிக் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம். முக்கோணமும், சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற பெருக்கல் குறியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதை ஒட்டித்தான் கைவரும். சில மாதங்கள் முன்பின் ஆகலாம், வரிசை மாறுவது அரிது. இது உறுதியாகத் தெரிந்தது. குழந்தையின் வளர்ச்சியைச் சோதிக்க மருத்துவர்களே இந்த வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது ஆங்கிலத்தின் 'ஏ', 'கே', 'எக்ஸ்' ஆகிய பெரிய எழுத்துகளை நினைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் சாய்கோடு. நம் 'அ'வில் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நிற்கும் கோடு. அதோடு ஒப்பிட்டால் 'ட'வும் 'ப'வும் எவ்வளவோ எளிது. அகரவரிசையில் முதலில் வருகிறது என்பதற்காக 'அ'வையே முதலில் எழுத வைப்பது அந்தப் பிஞ்சுக் கைக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். உங்கள் பையன் பென்சிலை எறிவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னால் முடியாததைக் கேட்கிறார்கள் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும், அதைச் சொல்லத்தான் வார்த்தை இருக்காது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு முன்கூட்டியே கை வந்திருக்கலாம், அதில் தவறும் இல்லை. ஆனால் ஒருநாள் அவள் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்: புள்ளிக்கோட்டின் மேல் இழுக்கிறாளா, வெற்றுத் தாளில் எழுதுகிறாளா? எழுதியதைச் சுட்டி, இது என்ன ஒலி என்று கேட்டால் சொல்கிறாளா?

இந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஓர் எக்ஸ்ரே படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களுக்கும் வந்திருக்கும். சின்னக் குழந்தையின் கையும் ஏழு வயதுக் குழந்தையின் கையும் அருகருகே இருக்கும். சின்னக் கையில் மணிக்கட்டு எலும்புகளுக்கு நடுவே வெற்றிடமாகத் தெரியும். எலும்பே முளைக்காத கையில் பென்சிலைத் திணிக்கலாமா என்று கீழே எழுதியிருப்பார்கள். படம் உண்மை. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பின் முறை வருவதற்குள் ஒன்பது பத்து வயதாகிவிடும். ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவை யாரும் நிறுவவில்லை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, அவ்வளவுதான். அங்கே ஒன்றுமே இல்லை என்று பொருள் இல்லை. மூன்று வயதில் எழுதுவது கடினமாக இருப்பதற்கு விரல் தசைகளின் வலுக்குறைவும், கண்ணும் கையும் இன்னும் சேர்ந்து பழகாததும் காரணம். நல்ல முடிவுக்குத் தவறான காரணத்தைச் சொல்லி வைத்தால், நாளைக்கு அந்தக் காரணம் உடையும்போது முடிவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி என்று கை முழுவதற்கும் வேலை வேண்டும். தொங்குவது, ஏறுவது, சின்னச் சொம்பில் தண்ணீர் சுமந்து செடிக்கு ஊற்றுவது, கட்டிலுக்கடியில் தவழ்ந்து நுழைவது இவையெல்லாம் தோளுக்கு. பிசைவது, பிழிவது, திருகுவது உள்ளங்கைக்கு. கிள்ளுவது, உருவுவது, உரிப்பது விரல் நுனிக்கு. என் வகுப்பில் பென்சிலைத் தொடவே தொடாத ஒரு பையன் இருந்தான், வயது மூன்றரை. ஒருநாள் சமையலுக்கு வந்த முருங்கைக்கீரைக் கட்டை அவன் முன்னால் வைத்தேன். முதலில் கொத்தோடு பிடுங்கினான். முழங்கையிலிருந்து இழுத்ததில் காம்பும் இலையும் ஒன்றாக வந்தன. நான் எதுவும் சொல்லாமல் என் பங்கை உருவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். பிறகு இடது கையால் காம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் காம்போடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனான். இலைகள் மட்டும் தட்டில் உதிர்ந்தன. நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மனம் முழுதாகக் குவியும்போது பல குழந்தைகளுக்கு அப்படி வரும். ஒரு கை பிடிக்க மறு கை வேலை செய்வதுதான் எழுதும்போதும் நடக்கிறது, ஒரு கை தாளை அமுக்கிக்கொள்ள மறு கை எழுதுகிறது. நான்கு மாதம் கழித்து அவனாகவே சிலேட்டில் வட்டம் போட்டான். கீரையால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அந்த நான்கு மாதத்தில் வயதும் கூடியிருந்தது. ஆனால் அவன் விரல்களின் பிடி மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே அத்தை கீரை ஆய்ந்தால், பூண்டு உரித்தால், பட்டாணி உரித்தால், சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் பையனுக்கும் ஒரு பங்கு கொடுக்கச் சொல்லுங்கள். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், பாதி தரையில் சிந்தும், அத்தைக்குப் பொறுமை வேண்டும். துவைத்த கைக்குட்டைகளைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டட்டும். கிளிப்பை அழுத்தித் திறக்கிற விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. அத்தை வாசலில் கோலம் போடுகிறவர் என்றால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று விரலால் மாவை எடுத்து, சீராக விழும்படி நெருடுகிற அந்தப் பிடியைவிட நுட்பமான விரல் பயிற்சியை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பார்த்ததில்லை. ஆண் பிள்ளைக்குக் கோலம் எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடையில் விற்கிற கோலமாவு பெரும்பாலும் கல் பொடி. அது கண்ணில் பட்டால் உறுத்தும், மூச்சில் போவதும் நல்லதல்ல. குழந்தைக்கு அரிசி மாவோ ரவையோ போதும். தாம்பாளத்தில் பரப்பிக் கொடுத்தால் விரலால் கோடும் வட்டமும் இழுத்து, தட்டை ஆட்டி அழித்து, மறுபடி இழுப்பான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத வைத்ததும், விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைப்பதும் இதே வழிதான். எழுத்தின் வடிவத்தை விரல் முதலில் அறியட்டும், பென்சில் பிறகு வரட்டும்.

அந்த 6,000 ரூபாய்ப் பெட்டிக்கு வருகிறேன். கிண்டர்கார்ட்டன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர் ஜெர்மனியின் ஃபிரடெரிக் ஃபுரோபெல். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான இடத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார். குழந்தைகளுக்கென்று அவர் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களில் முதலாவது, ஆறு நிறங்களில் ஆறு நூல் பந்துகள். அடுத்தது மரத்தில் கடைந்த ஓர் உருண்டை, ஓர் உருளை, ஒரு கனசதுரம். இன்றைக்கு விற்கும் பெட்டிகளுக்கெல்லாம் மூலம் அதுதான். நூலுக்குத் திருப்பூரில் பஞ்சமா? கம்பெனியில் கேட்டால் துணி வெட்டும்போது மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட் ஒரு பை நிறையக் கிடைக்கும். நிறம் பிரிப்பது, மெல்லியதையும் தடித்ததையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பிரிப்பது, முடிச்சுப் போடுவது, பின்னுவது, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டி அட்டையில் ஒட்டுவது என்று அந்தப் பை ஒன்றே பல மாதங்களுக்கு வரும். கொட்டாங்குச்சி, தீப்பெட்டி, சொப்புச் சாமான், காலி டப்பாவும் மூடியும் சேர்ந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வண்ணத்துக்கும் அடுக்களையே போதும். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். மூன்று வயதுக் குழந்தை அதைப் பார்த்து மூச்சை இழுத்துப் பிடிக்கிற அழகை நீங்களே பாருங்கள். ஆரத்திக்குப் போல் சுண்ணாம்பு கலக்க வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். அவன் தாளில் எதையாவது தீட்டினால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் அது எதுவும் இல்லை, நிறம் பரவுவதைப் பார்க்கிறான். "இங்கே நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கிறாயே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். என் ஆரம்ப ஆண்டுகளில் நான் செய்த தவறு ஒன்றை இன்னும் மறக்கவில்லை. பெற்றோர் வருகிற நாளுக்காக மயில் உருவத்தை நானே வெட்டி வைத்து, தோகைக்கு வண்ணக் காகிதத்தை எங்கே ஒட்டுவது என்று நானே காட்டி, கோணலாக ஒட்டியதை நானே சரிசெய்து, சுவரில் 24 மயில்களை வரிசையாக மாட்டினேன். ஒரு தாய் தன் மகன் செய்தது எது என்று தேடிக்கொண்டே நின்றார். எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பையனுக்கும் தெரியவில்லை. கைவேலை என்ற பெயரில் பல பள்ளிகளில் இன்றைக்கும் நடப்பது இதுதான், அதை நீங்கள் வீட்டிலும் செய்ய வேண்டியதில்லை.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. புளியங்கொட்டை, பாசிமணி, குன்றிமணி, வேர்க்கடலை இவற்றை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வது இந்த வயதில் சாதாரணமாக நடக்கும். மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. பெரியவர் பக்கத்தில் இருந்து, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்க வேண்டும். குன்றிமணி நஞ்சு, அது வீட்டிலேயே வேண்டாம். பொம்மைகளில் இருக்கும் பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாவு கெடாமலிருக்க உப்பை அள்ளிப் போட்டுப் பிசைகிற முறை இணையத்தில் பரவலாக இருக்கிறது; அந்த மாவைக் குழந்தை நிறைய விழுங்கினால் தீங்கு. அன்றன்றைக்கு ஓர் உருண்டை சாதாரண மாவு போதும்.

கைக்கு அடுத்தபடி காது. எழுத்தைப் படிப்பதற்கு முன்னால், சொல்லுக்குள் தனித்தனி ஒலிகள் இருக்கின்றன என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும். ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த குழந்தைகளுக்கு வாசிப்பு எளிதாகிறது என்பது பல மொழிகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்ட ஒன்று. தமிழில் இதை விளையாட்டாக்குவது எளிது. வீட்டில் இருப்பவர்களின் பெயரைக் கைதட்டிச் சொல்லுங்கள்: க-ம-லா, மூன்று தட்டு. 'ப'வில் தொடங்குகிற பொருள் இந்த அறையில் எது என்று தேடுங்கள்: பாய், படம், பாத்திரம். அத்தைக்குத் தெரிந்த தாலாட்டு, விடுகதை, குலைகுலையாய் முந்திரிக்காய் போன்ற விளையாட்டுப் பாட்டு எல்லாம் இதற்கே உதவும். ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்று பயந்து நீங்கள் வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்க வேண்டாம். நேற்று நடந்ததைத் தமிழில் முன்பின் மாறாமல் கதையாகச் சொல்லத் தெரிந்த குழந்தை, வகுப்பில் ஆசிரியை சொல்வதையும் பின்தொடரும். இது என் வகுப்பறை அனுபவம் மட்டுமல்ல, 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் தொடக்க ஆண்டுகளில் வீட்டு மொழியிலேயே கற்பிக்கப் பரிந்துரைக்கிறது.

எண்ணில் பெற்றோர் ஏமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வரை ஒப்பிக்கிற குழந்தைக்கு எண் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். தொட்டுத் தொட்டு ஐந்து வரை சொல்வான். உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது குழந்தை தானாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. பல குழந்தைகளுக்கு அது மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையில் நடக்கிறது. "நாலு கொடு" என்று கை நீட்டினால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிற குழந்தை ஒருநாள் நிதானமாக நான்கை மட்டும் எண்ணி வைக்கும். அந்த நாளை அடைய ஒப்பித்தல் உதவாது. நாலு பேருக்கு நாலு தட்டு எடுத்து வை, ஆளுக்கு இரண்டு இட்லி வை, பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போ, இவைதான் உதவும். ஆறு நீண்டகால ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2007-இல் வெளியான கட்டுரை ஒன்று, பள்ளியில் நுழையும்போது இருக்கும் எண்ணறிவே பிற்காலத் தேர்ச்சியை எல்லாவற்றையும்விட நன்றாக முன்னறிவிக்கிறது என்று காட்டியது. ஆனால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது, ஆகவே இதைப் படித்துவிட்டு வாய்ப்பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.

பாவனை விளையாட்டைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும், என் துறைக்காரர்கள் பலர் இதை விரும்புவதில்லை. கடை வைப்பது, டாக்டராவது, சொப்பு வைத்துச் சமைப்பது போன்ற விளையாட்டால் குழந்தையின் அறிவும் படைப்புத் திறனும் வளர்கின்றன என்று நாங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தோம். 2013-இல் அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். பாவனை விளையாட்டுதான் காரணம் என்று சொல்லுமளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்பதே அவர்கள் கண்டது. அந்த விளையாட்டு வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. நாம் அடித்துச் சொல்கிற அளவுக்கு நிரூபணம் இல்லை என்றார்கள். அதைப் படித்த பிறகும் என் வகுப்பில் சொப்பு மூலையை நான் எடுக்கவில்லை. வேறெங்கும் வாய் திறக்காத குழந்தைகள் அங்கே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் பையனுக்குப் பாவனையில் நாட்டமில்லாமல் கட்டுவதும் பிரிப்பதும்தான் பிடிக்கிறது என்றால், அதற்காக அவனை வற்புறுத்த வேண்டியதில்லை. வேறு வகை விளையாட்டு ஒன்று உண்டு, அதைத் தினமும் கொஞ்சம் விளையாடுங்கள். "ராஜா சொன்னார், கையைத் தூக்கு" என்றால் தூக்க வேண்டும், ராஜா சொல்லாவிட்டால் தூக்கக்கூடாது. பாட்டு நின்றதும் சிலைபோல் நிற்க வேண்டும். தன்னை அடக்கிக்கொள்வதும், முறை வரும்வரை காத்திருப்பதும், சொன்னதை நினைவில் வைத்துக்கொள்வதும் எல்.கே.ஜி. ஆசிரியைக்கு எழுத்தைவிட அதிகம் தேவைப்படுகிற பழக்கங்கள்.

இனி, பலரும் தயாரிப்பாகவே நினைக்காத பகுதி. ஒரு பெண் குழந்தை பள்ளியில் சேர்ந்து நான்கு நாள் டிபன் பாக்ஸை நிறையவே திருப்பிக் கொண்டுபோனாள். பள்ளி பிடிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை என்று அம்மா கலங்கிவிட்டார். ஐந்தாம் நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் பூட்டுகிற புது டப்பா. கட்டை விரலால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். திறந்து கொடுத்ததும் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். "திறந்து தாருங்கள் மிஸ்" என்று கேட்க அவளுக்குப் பழக்கமில்லை. ஆகவே மே மாதத்துக்குள் உங்கள் பையன் டப்பாவைத் தானே திறக்கட்டும், தண்ணீர் பாட்டிலை மூடட்டும், கால்சட்டையை இறக்கி ஏற்றட்டும், ஒன்றுக்கு வருகிறது என்று வெளியாளிடம் சொல்லிப் பழகட்டும். உங்களையும் அத்தையையும் விட்டு ஒரு மணி நேரம் தெரிந்த வீட்டில் இருந்து பார்க்கட்டும். அவன் பார்க்காதபோது நழுவிப் போய்விடாதீர்கள். போகிறேன் என்று சொல்லி, "சாப்பிட்டு முடித்ததும் வருவேன்" என்று அவனுக்குப் புரிகிற நேரத்தைச் சொல்லி, அதே நேரத்துக்கு வாருங்கள். இதற்கு ஆய்வுச் சான்று காட்டச் சொன்னால் என்னால் பெரிதாகக் காட்ட முடியாது. 21 ஜூன் மாதங்கள் வகுப்பறை வாசலில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நேர்காணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று வரையறுப்பது 6 முதல் 14 வயது வரை என்பதால், எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அது நேரடியாகப் பொருந்துமா என்பதில் வாதம் உண்டு. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, நீங்கள் சில கேள்விகள் கேளுங்கள் என்பேன். ஒரு நாளில் எவ்வளவு நேரம் எழுத வைக்கிறீர்கள்? வெளியே விளையாட விடுகிறீர்களா? கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்? 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 3 முதல் 8 வயது வரை விளையாட்டின் வழியே கற்பிக்கச் சொல்கிறது. அதே 2022-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், குலுக்கல் முறையில் இடம் கிடைத்து அரசு முன்பருவப் பள்ளிக்குப் போன குழந்தைகள் ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள் என்ற ஆய்வும் வந்தது. அதற்குக் காரணம் என்ன என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, நம் ஊருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. சீக்கிரம் அனுப்பினாலே நல்லது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். நாலு வயதுக்குள் இரண்டு வரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிற பள்ளி என்று தெரிந்தால், வேறு பள்ளி பாருங்கள். ஜூன் வரை உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள அங்கன்வாடிக்கு அவனை அனுப்பிப் பார்க்கவும் தயங்காதீர்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 முதல் நடக்கிறது, தமிழகத்தில் அதன் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. மையத்துக்கு மையம் தரம் மாறும், நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பகல் முழுவதும் அத்தை ஒருவரே பார்த்துக்கொள்வதால் கைப்பேசியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, இரண்டு ஷிஃப்ட் வேலையின் களைப்பு எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: 3, 4 வயதுக் குழந்தைக்குத் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், உடல் அசைகிற விளையாட்டு மூன்று மணி நேரமாவது வேண்டும், தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். ஒரே நாளில் மாற்ற முடியாது. அத்தை சமைக்கிற ஒரு மணி நேரத்தை மட்டும் முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், அவனுக்கும் ஒரு முறமும் ஒரு கட்டுக் கீரையும் கொடுத்துவிட்டு.

கடைசியாக, நான் சொன்னதெல்லாம் பொருந்தாத நிலையும் உண்டு. மூன்று வயது தாண்டியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை, ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றொன்றை ஒதுக்கியே வைக்கிறான், அடிக்கடி விழுகிறான், முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்று ஏதாவது இருந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள், காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல், பிறப்பிலிருந்து 18 வயது வரை இந்தப் பரிசோதனைகள் இலவசம். அதற்கான மாவட்ட மையம் எங்கே என்று உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது, ஒரு வாரமாக அவன் வாயிலிருந்து வந்த சொற்களை அவன் சொன்னபடியே அத்தையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவரின் முன்னால் குழந்தைகள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதுண்டு, அப்போது அந்தத் தாள் உதவும்.